பாத்துக்க ஆள் இருக்கு

நெற்றியில் கிடந்த ஈரத்துணி ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தது. அதுதான் முதலில் அவளை உறுத்தியது.

கண்ணைத் திறக்காமலேயே விரல்களால் தடவிப் பார்த்தாள். நீளவாக்கில் மூன்று மடிப்பு, பிறகு குறுக்கே ஒன்று, தைத்த ஓரங்களெல்லாம் உள்ளே போய் வெளியே ஒரு பிசிறுகூடத் தட்டுப்படவில்லை. பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. நாள் முழுக்கக் கைத்துண்டுகளை இப்படித்தான் மடிக்கிறாள். ஓரம் வெளியே தெரிந்தால் சூப்பர்வைசர் மொத்த அடுக்கையும் கலைத்துப் போட்டு, "மறுபடியும் முதல்லேருந்து" என்பார். அதனால் அந்த மடிப்பு அவள் விரல்களுக்கு மனப்பாடம்.

அவள் வீட்டுக்காரருக்குத் துணி மடிப்பதென்றால், சுருட்டி அலமாரிக்குள் எறிந்து, அது வெளியே விழுவதற்குள் கதவைச் சாத்திவிடுவது. கல்யாணமான நாளிலிருந்து சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். இன்றைக்கு மட்டும் எப்படி? காய்ச்சல் எனக்கு, புத்தி வந்தது அவருக்கு என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள். சிரித்தால் தலை வலித்தது. துணியை இழுத்துக் கண்களையும் சேர்த்து மூடிக்கொண்டாள்.

முந்தின நாள் காலையில்தான் பூஸ்டர் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். சுகாதார மையத்தில் கூட்டமில்லை. நர்ஸ் வாயாடி. "அந்தப் பக்கம் பாருங்க, முடிஞ்சுபோச்சு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, இடது தோளுக்குச் சற்றுக் கீழே வட்டமான ஒரு பிளாஸ்திரியை ஒட்டினாள்.

"சாயங்காலம் காய்ச்சல் வரலாம். குளிரும், உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். ஒண்ணு ரெண்டு நாள்ல தானா போயிடும், பயப்பட ஒண்ணுமே இல்ல. வீட்ல பாத்துக்க ஆள் இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன, ராணி மாதிரி படுத்துத் தூங்குங்க."

பாத்துக்க ஆள் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த வீட்டில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நாளில் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. முதல் ஊசிக்கு இரண்டு பேரும் ஜோடியாகப் போனார்கள், ஜோடியாக வந்தார்கள், ஜோடியாகவே காய்ச்சலில் விழுந்தார்கள். அப்போது குழந்தை தத்தித் தத்தி நடக்கிற வயது. அது பசியில் அழ, "நீ போ", "நீங்க போங்க" என்று இரண்டு பேரும் படுத்த இடத்திலிருந்தே சண்டை போட்டார்கள். கடைசியில் குழந்தை தானே பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, தரையில் கிடந்ததைப் பொறுக்கித் தின்றது. அந்தக் காட்சி அவள் மனதை விட்டுப் போகவே இல்லை. ஒருவர் விழுந்தால் இன்னொருவர் நிற்க வேண்டும் என்று அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். அதன்படி இந்த முறை அவள் முதலில், அவர் அடுத்த வாரம்.

இன்னொரு சட்டமும் உண்டு, அது அவர் போட்டது. அவர் லிஃப்ட் மெக்கானிக். டேப் ஒட்டித் தீராத பிரச்சினை உலகத்திலேயே கிடையாது என்பது அவர் கட்சி. வீட்டில் யார் காய்ச்சலில் படுத்தாலும் பின்னறைதான், அறை வாசலில் தரையில் சிவப்பு டேப்பால் ஒரு கோடு. வாலு அதைத் தாண்டக் கூடாது. வாலு என்பது மகள். வயது ஐந்துதான் என்றாலும் அந்தப் பெயருக்குத் தகுந்த மாதிரியே நடந்துகொள்பவள். ஊசிக் காய்ச்சல் யாருக்கும் ஒட்டாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் வலிக்கிற கை மேல் வாலு வந்து குதித்தால் என்ன ஆவது? அதனால் கோடு இருந்தது. வேறு எதில் அடங்காவிட்டாலும் இந்த ஒரு விஷயத்தில் வாலு அடங்குவாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் கால்விரல்களை வரிசையாக வைத்து நின்று, 'டாட்டா' காட்டிவிட்டுப் போவாள்.

நேற்று மத்தியானம் கோடு ஒட்டுவதற்கு முன்னால் அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்து, பேனாவால் பிளாஸ்திரி மேல் இரண்டு கண்ணும் ஒரு வாயும் வரைந்தாள். ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறிசு. வாய் காது வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"இது யாரு?"

"இது அம்மா பொம்மை. நீ அந்தப் பக்கம் படுத்திருந்தா நான் இதுகிட்ட டாட்டா சொல்வேன். பொம்மை இருந்தாத்தான் நீ அம்மா."

"இல்லன்னா?"

"இல்லன்னா வேற யாரோ."

சாயங்காலத்துக்குள் குளிர் பிடித்துக்கொண்டது. பல் கிட்டியது. வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்த சத்தமும், சாவியை ஆணியில் மாட்டிய சத்தமும் கேட்டன. அவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, "எப்படி இருக்க?" என்று கேட்டார்.

"இருக்கேன். வாலுக்குச் சாப்பாடு குடுங்க."

"ம்."

அவர் பேச்சில் பாதி 'ம்' தான். அதற்குப் பிறகு காய்ச்சல் ஏறிவிட்டது. ராத்திரி எப்படிப் போனது என்று அவளுக்குத் தெரியாது. யாரோ வந்தார்கள், துணி நனைத்துப் போட்டார்கள், வாயில் வெந்நீர் வைத்தார்கள். அவ்வளவுதான் ஞாபகம்.

இப்போது விடிந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். ஆனால் வெளியே மழை மூட்டம், ஜன்னல் திரை மூடியிருந்தது, அறை பாத்திரம் கழுவின தண்ணீரின் நிறத்தில் இருந்தது. ஊசி போட்ட இடம் விண் விண்ணென்று தெறித்தது. அந்தப் பக்கம் புரள முடியவில்லை. போர்வையை எடுத்தால் குளிர், போர்த்தினால் வேர்வை. துணியில் ஒரு வாசனை வந்தது, கஞ்சிப்பசையும் சூடான நீராவியும் கலந்த வாசனை, இஸ்திரி மேஜை மேல் குனிந்து நிற்கும்போது மூக்கில் அடிக்குமே, அதே வாசனை. அவள் வேலையிடத்தின் வாசனை. வீட்டில் கஞ்சிப்பசை ஏது? காய்ச்சலில் மூக்கும் கோளாறாகும்போல என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

சமையலறையில் டம்ளர் உருட்டுகிற சத்தம். யாரோ முணுமுணுப்பாக ஏதோ பாடுவது போல இருந்தது. பாட்டு இல்லை. இரண்டே சுரம், ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மூக்கால் வருகிற ஒரு ரீங்காரம். வேலை செய்யும்போது தான் அப்படி முணுமுணுப்பது உண்டு என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். அவளுக்கு அது தெரிவதே இல்லை. கூடவே குடித்தனம் செய்தால் இதெல்லாம் தொற்றிக்கொள்ளும் போலிருக்கிறது, மனிதர் துணி மடிக்கவும் ராகம் இழுக்கவும் கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தாள்.

"ஏங்க, லீவு போட்டுட்டீங்களா?" என்று குரல் கொடுத்தாள்.

ரீங்காரம் நின்றது. "ம்" என்று பதில் வந்தது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் வாலு வந்து நின்றாள். தாய் தன் கண் மேல் கிடந்த துணியைச் சற்றுத் தூக்கிப் பார்த்து, இரவு உடையின் கையைத் தோள்வரை சுருட்டிக் காட்டினாள். பிளாஸ்திரி பொம்மை கோணல் வாயோடு சிரித்தது. வாலு பொம்மையைப் பார்த்து டாட்டா காட்டினாள். தலைமுடி வகிடெடுத்து, இறுக்கமாக, இரண்டு பக்கமும் சமமாகப் பின்னப்பட்டிருந்தது.

"அப்பாவா பின்னினாரு?"

வாலு தோளைக் குலுக்கிவிட்டு ஓடிவிட்டாள். பின்னல் எவ்வளவு நேர்த்தி என்று தாய்க்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவருக்கு ரப்பர் பேண்டே போடத் தெரியாதே என்பது அவள் மறுபடி தூக்கத்தில் விழும்போதுதான் தோன்றியது. பிறகு அதுவும் மறந்துபோனது.

எழுப்பியது ஒரு கை.

நெற்றி மேல் உள்ளங்கை. சில்லென்றிருந்தது. காய்ச்சல்காரருக்கு எல்லார் கையும் சில்லென்றுதான் இருக்கும், அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் இந்தச் சில்லிப்பு தோலோடு நிற்கவில்லை, எலும்புவரை இறங்கியது. இதமாக இருந்தது. இதமாக இருந்ததுதான் பிறகு நினைக்க நினைக்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கண் மேல் துணி கிடந்தது. கை அதை எடுத்தது. தண்ணீரில் நனைக்கும் சத்தம், பிழியும் சத்தம். பிறகு துணியை இரண்டு முனை பிடித்து ஒரு உதறு. படக். சலவைக்காரர்கள் மடிப்பதற்கு முன்னால் உதறுகிற உதறு. வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்ற உருவம் கறுப்பாகத் தெரிந்தது. கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை, விழிக்குள் மணல் கொட்டினாற்போல எரிந்தது. துணி திரும்பவும் கண் மேல் வந்தது.

"வாலு சாப்பிட்டாளா?"

"ம்."

அந்தக் கை அவள் தோளுக்கு இறங்கியது. ஊசி போட்ட இடத்தைத் தேடி, பிளாஸ்திரியின் வட்டத்தை விரல் நுனியால் மெதுவாகச் சுற்றி வந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"அங்க தொடாதீங்க, வலிக்குது."

விரல் நின்றது. ஆனால் எடுக்கவில்லை. அப்படியே தூங்கிப்போனாள்.

அடுத்து காதில் விழுந்தது போன் மணி. அவளுடைய போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. அக்காவாகத்தான் இருக்கும், ஊசி போட்டால் விசாரிக்காமல் இருக்க மாட்டாள். மணி நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள். பிறகு ஒரு பெண் குரல் பேசியது.

"இல்லக்கா, இப்ப பரவால்ல. காய்ச்சல் விட்டுடுச்சு. வாலு நல்லா இருக்கா. என்கிட்டதான் இருக்கா."

யார் அது? எங்கேயோ கேட்ட குரல். மெலிசாக, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துப் பேசுகிற, அவளுக்குப் பிடிக்காத ஒரு குரல். எங்கே கேட்டோம் என்று யோசித்து யோசித்து, கடைசியில் பிடிபட்டது. அவள் அனுப்புகிற வாய்ஸ் மெசேஜ்களைத் திரும்பப் போட்டுக் கேட்டால் வருமே, 'ஐயே, நானா இப்படிப் பேசறேன்' என்று தோன்றுமே, அந்தக் குரல்.

உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது. பிறகு அறிவு வேலை செய்தது. அவர் பழைய வாய்ஸ் மெசேஜைப் போட்டு வாலுவுக்கு விளையாட்டுக் காட்டுகிறார். அப்படித்தான் இருக்கும். வேறு எப்படி இருக்கும்? காய்ச்சலில் காதும் கோளாறு. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஆனால் அப்படி ஒரு மெசேஜை அக்காவுக்கு எப்போது அனுப்பினோம் என்று மட்டும் நினைவுக்கு வரவில்லை.

சமையலறையில் வாலு சிரித்தாள். "அம்மா, இன்னொண்ணு!" என்றாள்.

"என்னடா கண்ணு?" என்று இவள் படுக்கையிலிருந்து கேட்டாள்.

வாலு மறுபடியும் சிரித்தாள். "அம்மா, போதும் போதும்" என்றாள்.

குழந்தை வாய் தவறிக் கூப்பிடுவது புதிதில்லை. அப்பாவைப் போய் அம்மா என்பதும், ஸ்கூல் மிஸ்ஸை அம்மா என்பதும் உண்டு. இருந்தாலும் தன் குழந்தை அம்மா என்று கூப்பிட்டு, தான் பதில் சொல்லி, அந்தப் பதில் தேவைப்படாமல் போனது அவளுக்குத் தாங்கவில்லை. அழுதாள். அழுதுகொண்டே தூங்கினாள்.

கண் விழித்தபோது காய்ச்சல் விட்டிருந்தது. தலையணை முழுக்க வேர்வை. தலைக்குள் இருந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்துவிட்டாற்போல் இருந்தது. பக்கத்தில் கிடந்த தெர்மாமீட்டரை நாக்கடியில் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. இடது கையைத் தூக்கினாள், வலிக்கவில்லை. சுழற்றினாள், துளி வலி இல்லை. நர்ஸ் சொன்னது வாஸ்தவம்தான், தானாக வந்தது தானாகப் போய்விட்டது. அவளுக்குப் பசித்தது. பசித்தது என்பதே சந்தோஷமாக இருந்தது. ஜன்னல் திரையின் ஓரத்தில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, பொழுது சாய்கிறது போல.

எழுந்து உட்காரும் முன் கை மறுபடி வந்தது. தலைமாட்டுப் பக்கத்திலிருந்து. அவள் தலையைத் திருப்பவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைக் கொடுத்தாள்.

அதே சில்லிப்பு.

காய்ச்சல் இல்லையே இப்போது. உடம்பு சரியான சூட்டில் இருக்கிறது. இப்போது அவர் கை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். லிஃப்ட் கம்பியைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. இந்தக் கையில் காய்ப்பே இல்லை. விரல் நுனிகள் மழமழவென்று, ஈரத்தில் ஊறி ஊறிச் சுருங்கி இருந்தன. நாள் முழுக்க ஈரத் துணியில் புழங்குகிற கை.

"ஏங்க, கை ஏன் இப்படி ஐஸ் மாதிரி இருக்கு?"

கை விலகியது. காலடி ஓசை எதுவும் கேட்கவில்லை. ஒரு நொடி கழித்து அவள் கண்ணைத் திறந்தபோது அறையில் யாரும் இல்லை. கதவு பாதி திறந்திருந்தது. சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம், டம்ளர் கழுவும் சத்தம். அதோடு அந்த இரண்டு சுர ரீங்காரம்.

அப்போதுதான் குறட்டை கேட்டது.

மற்ற எதிலும் அவளுக்குச் சந்தேகம் வரலாம். அந்தக் குறட்டையில் வராது. முதலில் ஒரு இழுப்பு, நடுவில் செத்துப்போனாரோ என்று பயப்பட வைக்கிற ஒரு நிறுத்தம், பிறகு பழைய மோட்டார் கிளம்புகிறாற்போல ஒரு உறுமல். இத்தனை வருடமாக அவள் தூக்கத்தைக் கெடுத்த குறட்டை. அது நடைக்குப் பக்கத்து அறையிலிருந்து, படுக்கையறையிலிருந்து வந்தது.

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

குறட்டை. குழாய். குறட்டை. குழாய்.

இரண்டும் ஒரே நேரத்தில்.

காலைத் தரையில் வைத்தாள். தரை சில்லென்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நேற்று மத்தியானம் வாலுவுக்காகத் தன் கையாலேயே ஒட்டிய கோடு அங்கே இல்லை. டேப்பை உரித்த இடத்தில் தரையில் பசை மட்டும் பிசுபிசுத்தது, காலில் ஒட்டியது.

படுக்கையறையில் விளக்கு இல்லை. வீட்டுக்காரர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு கிடந்தார். போர்வைக்குள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் ஒரு ஈரத்துணி. நீளவாக்கில் மூன்று, குறுக்கே ஒன்று, ஓரமெல்லாம் உள்ளே.

அவள் அவரை உலுக்கினாள். தோள் தணலாகச் சுட்டது. போர்வை விலகியது. இடது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, வட்டமான பிளாஸ்திரி.

"என்னங்க இது?"

அவர் கண்ணைத் திறந்தார். குற்றம் செய்த பிள்ளை போல விழித்தார். "திட்டாத. வேலை செய்யற எடத்துலயே கேம்ப் போட்டாங்க நேத்து. எல்லாரும் நின்னாங்க. போன தடவை எனக்கு லேசாத்தானே வந்துச்சுன்னு நெனச்சேன். உன்கிட்ட சொன்னா கத்துவியேன்னுதான்..."

"எப்ப படுத்தீங்க?"

"நேத்து வந்த உடனே. பத்து நிமிஷம் படுத்துட்டு எந்திரிக்கலாம்னு பாத்தேன். அதுக்குள்ள நீயே எந்திரிச்சு வந்துட்ட. பரவால்லயே, உனக்குச் சீக்கிரம் விட்டுடுச்சேன்னு..." அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். "நீதானே ராத்திரி பூரா துணி மாத்திப் போட்ட. பால் குடுத்த. இப்பக்கூட வந்துட்டுப் போனியே."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மெல்ல மெல்ல அவர் முகம் மாறியது.

"நீ எந்திரிக்கவே இல்லையா?"

"இல்ல."

"அப்ப வாலுவ யாரு..."

எழுந்திருக்கப் பார்த்தார். கால் மடங்கியது, கட்டில் ஓரத்தில் சரிந்து அப்படியே தலையணையில் விழுந்தார். பல் கிடுகிடுத்தது. "போ. நீ போய்ப் பாரு. ஓடு" என்றார்.

குழாய் நின்றிருந்தது.

நடை நீளமில்லை. தினம் நூறு தடவை நடக்கிற நடை. இப்போது முடியவே இல்லை. சுவரில் மாட்டிய குடை. செருப்பு ஸ்டாண்ட். வாலுவின் மழைக்கோட்டு. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில், ஒவ்வொன்றும் வழக்கத்தைவிட ஒழுங்காக இருந்தன. செருப்புகள் ஜோடி ஜோடியாக நேர்க்கோட்டில். அவளுக்குப் பிடித்த மாதிரி. அவள் அடுக்க நேரமில்லாமல் விட்ட மாதிரியல்ல, அடுக்க ஆசைப்பட்ட மாதிரி. நேற்று ராத்திரியிலிருந்து என் பிள்ளை இதன் கையில் இருக்கிறாள் என்று நினைத்தாள். நர்ஸ் கேட்ட கேள்வியும், தான் யோசிக்காமல் சொன்ன பதிலும் காதில் வந்தன. இருக்கு. ஆள் இருக்கு.

ஹால் வாசலுக்கு வந்துவிட்டாள்.

அங்கே சிவப்புக் கோடு.

புதிதாக, நேராக, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை. பின்னறையும் படுக்கையறையும் நடையும் அவளும் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

அந்தப் பக்கம் ஹால். மாலை வெளிச்சம். நாற்காலி இவளுக்கு முதுகு காட்டிப் போடப்பட்டிருந்தது. அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இவளுடைய வீட்டுப் புடவை. இவளுடைய கொண்டை. மடியில் வாலு. வாலுவின் கால்கள் சுகமாக ஆடிக்கொண்டிருந்தன. அந்தப் பெண் மெல்ல முன்னும் பின்னும் அசைந்தாள். ரீங்காரம்.

"வாலு."

ரீங்காரம் நின்றது. நாற்காலியின் ஓரமாக வாலு எட்டிப் பார்த்தாள். முகத்தில் பயமில்லை. பயந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தாய்க்குத் தோன்றியது. தெரியாத வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்க்கிறாற்போலப் பார்த்தாள்.

"வாலு, வாடா கண்ணு. அம்மாகிட்ட வா."

வாலு இறங்கி வந்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் கால்விரல்களை வரிசையாக வைத்து நின்றாள். பழகிய பிள்ளை. நல்ல பிள்ளை.

"நீங்க கோட்டைத் தாண்டக் கூடாது" என்றாள்.

நீங்க.

பேச ஆரம்பித்ததிலிருந்து அம்மாவை 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள் வாலு.

"நான்தான்டா அம்மா. இங்க பாரு. என்னைப் பாரு."

வாலு நன்றாகப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கி, நியாயமாக முடிவு செய்கிற முகத்தோடு.

"கையைக் காட்டுங்க."

கை. ஆமாம், கை. அழுகையும் சிரிப்புமாக அவள் இடது கைத் துணியைச் சுருட்டினாள். தோள்வரை சுருட்டினாள். இதோ பார், இதோ உன் பொம்மை.

பிளாஸ்திரி இல்லை.

தடவினாள். ஒட்டியிருந்த அடையாளம் இல்லை. ஊசி குத்திய புள்ளி இல்லை. வீக்கம் இல்லை. தோல் வழவழவென்று இருந்தது. சில்லென்று இருந்தது.

"பாத்தீங்களா, பொம்மை இல்ல" என்றாள் வாலு.

நாற்காலியில் இருந்தவள் எழுந்தாள். திரும்பினாள். கண்ணாடியில் எப்போதும் இடது பக்கம் பார்த்துப் பழகிய மச்சம், அந்த முகத்தில் வலது பக்கம் இருந்தது. ஊர் உலகமெல்லாம் பார்க்கிற, அவள் மட்டும் இதுவரை நேரில் பார்த்திராத அவள் முகம். இடது கையில் வட்டப் பிளாஸ்திரி. ஒரு கண் பெரிசு. ஒரு கண் சிறிசு. காதுவரை இழுத்த வாய்.

படுக்கையறையிலிருந்து வீட்டுக்காரரின் குரல் நடுங்கி வந்தது. "ஏய்... வாலு இருக்காளா?"

இவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"இங்கதாங்க இருக்கா" என்றது அந்த மெலிசான குரல், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து. "நான் பாத்துக்கறேன். நீங்க தூங்குங்க."

"அப்பாடா" என்றார் அவர். கொஞ்ச நேரத்தில் குறட்டை ஆரம்பித்தது.

நாற்காலியிலிருந்து எழுந்தவள் மேஜையிலிருந்த கிண்ணத்தில் துணியை நனைத்தாள். பிழிந்தாள். உதறினாள். படக். நீளவாக்கில் மூன்று. குறுக்கே ஒன்று. ஓரமெல்லாம் உள்ளே. போகிற வழியில் வாலுவின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, சிவப்புக் கோட்டைத் தாண்டி நடைக்குள் வந்தாள். கால்கள் தரையில் சத்தமே போடவில்லை. ஒரு கை இவள் தோளைப் பிடித்துப் பின்னறைப் பக்கம் மெதுவாகத் திருப்பியது. இன்னொரு கை துணியை நெற்றியில் வைத்து, கண்களையும் சேர்த்து மூடியது. இந்த முறை அந்தக் கை சில்லென்று இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

துணியின் அடி விளிம்பு வழியே கடைசியாக இவளுக்குத் தெரிந்தது கோடும், அதன் அந்தப் பக்கம் வரிசையாக நின்ற பத்துக் குட்டி விரல்களும், சொல்லிக்கொடுத்தபடி ஆடிய ஒரு சின்னக் கையும்தான்.

"டாட்டா" என்றாள் வாலு.